முதலில் வீடு, பிறகு தட்டு

நிலநடுக்கப் பாடத்தைப் புவித்தட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டு என்றால் சோற்றுத் தட்டுதான். 'பூமியின் மேலோடு பெரிய துண்டுகளாக இருக்கிறது, அவை நகர்ந்து உரசும்போது தரை குலுங்கும்' என்பது போதும். தரை பிளந்து ஆளை விழுங்கும் என்று சினிமா பார்த்து நம்பும் பிள்ளைகள் நிறைய. பெரும்பாலும் ஆளைக் கொல்வது வீடுதான். அதைச் சொன்னால் ஏறாது, கட்டிக் காட்ட வேண்டும்.

விளிம்புள்ள தாம்பாளத்தில் பத்துப் பன்னிரண்டு கோலிக்குண்டு போட்டு, மேலே பரீட்சை அட்டையை வையுங்கள். அதுதான் தரை. இனி 32 தீப்பெட்டிகள். காலிப் பெட்டி வேண்டாம். எடையில்லாத சுவர் விழாமல் மானத்தை வாங்கும். மணல் நிரப்பி, முனைகளைச் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, வரிசைக்கு நான்காக, நான்கு வரிசைச் சுவர். அதேபோல் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே எடையில் களிமண் கூரை.

இரண்டாவது வீட்டுக்கு மட்டும் ஒட்டியாணம் உண்டு: லிண்டல் மட்டத்தில் ஒரு சுற்று சணல், கூரைக்குக் கீழே ஒரு சுற்று. அவசரத்துக்கு ரப்பர் பேண்ட் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். நானும் மாட்டினேன். அது சுவரை உள்ளே இழுத்து, குலுக்குவதற்கு முன்பே கவிழ்த்துவிட்டது. சணல்தான்.

குலுக்குவதில்தான் பாதி வகுப்புகள் கெடுகின்றன. பிள்ளைகளிடம் கொடுத்தால் முறத்தில் அரிசி புடைப்பதுபோல் தூக்கிப் போடுவார்கள், இரண்டு வீடும் ஒன்றாகச் சரியும், பாடம் முடிந்தது. அட்டையை நீங்களே பிடித்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்கள். பிள்ளைகள் எண்ணட்டும். சணல் கட்டிய வீடும் கடைசியில் விழலாம். எத்தனையாவது குலுக்கலில் என்பதே கணக்கு.

கில்லாரி நிலநடுக்கத்தை இப்போது சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம், 1993 செப்டம்பர் 30, விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன். அளவு சுமார் 6.2தான். ஆனால் மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர், மேலே கனத்த மண் கூரை, உள்ளே தூங்கும் ஜனங்கள். ஏறக்குறைய 10,000 பேர் போனார்கள். சரிந்து கிடக்கும் தீப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. எண்ணிக்கையை ஒருமுறை சொல்லி நிறுத்துங்கள். சடலப் படம் எதற்கு?

6.2 என்றால் என்ன என்று ஒருவன் கேட்பான். ஒரு பிள்ளையைக் குதிக்கச் சொல்லுங்கள், அந்த ஆற்றலை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பேர் சேர்ந்து குதித்தால் 6. 7க்கு ஆயிரம் பேர் வேண்டும், பள்ளியில் அவ்வளவு பேர் இல்லை என்று அவர்களே சிரிப்பார்கள்.

கடைசியில் ஒத்திகை. மணி அடித்ததும் ஓடக் கூடாது; மேஜைக்கு அடியில் புகுந்து, ஒரு கையால் தலையையும் கழுத்தையும் மூட வேண்டும். எல்லோரும் மறப்பது மறு கை. அது மேஜைக் காலை விடாமல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மேஜையும் நகரும். நம்பாதவர்களுக்காக, அவர்கள் அடியில் இருக்கும்போதே மேஜையை ஒரு சாண் இழுங்கள். தரையில் உட்காரும் வகுப்பானால் ஜன்னல், பீரோ பக்கம் போகாமல் குந்தி, புத்தகப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொள்ளட்டும். டிபன் பாக்ஸை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.