கை ஆட்டமும் கால் நடையும்

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் விடும் நேரத்தில் ஆட்கள் கம்பெனி பஸ் ஏறுவதைப் படமெடுக்க வேண்டும், ட்ரைபாட் வாங்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறாய். காசு இருந்தாலும் அந்தப் படத்துக்கு ட்ரைபாட் உதவாது. (ஆலை வாசலில் அதை விரித்தால் செக்யூரிட்டி விசாரிக்காமல் விடமாட்டார் என்பது வேறு.) மங்கிய வெளிச்சத்தில் படம் கலங்க இரண்டு காரணம் உண்டு: உன் கை ஆடுவது, எதிரே இருப்பவர் நகர்வது. ட்ரைபாட் முதலாவதைத்தான் நிறுத்தும். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் தொழிலாளி, ஷட்டர் பத்தில் ஒரு நொடி திறந்திருந்தால் 10 சென்டிமீட்டர் கடந்துவிடுவார். கேமராவைப் பாறையில் பதித்து வைத்தாலும் அவர் முகம் கரைந்துதான் போகும். எண்பதில் ஒரு நொடி என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். நீ முதலில் தேட வேண்டியது அந்த வேகத்தை.

கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ-வை 400-லிருந்து 3200-க்கு ஏற்றினால் ஷட்டர் வேகம் எட்டு மடங்காகும். பத்தில் ஒன்று எண்பதில் ஒன்றாகிவிடும். படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருமே என்பாய். வரும், ஆனால் புள்ளியைக் கணினியில் ஓரளவு குறைத்துவிடலாம், கரைந்த முகத்தை மீட்க வழியில்லை. கேமராவோடு வரும் கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ட்ரைபாட்டுக்குச் சேர்க்கும் காசை இதற்குச் சேர். வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி.களும் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் மிக வேகமாகப் போனால் படத்தில் பட்டை விழும். நூறில் ஒன்றை ஒட்டியே நில். ஃப்ளாஷ்? ஆறு மீட்டரில் நிற்பவருக்கு, இரண்டு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும். முன்னால் இருப்பவர் வெளுப்பார், பின்னால் இருட்டு.

செல்போனின் நைட் மோடு இதையெல்லாம் தானே செய்யாதா என்று கேட்கலாம். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. சந்திரசூடேஸ்வரர் மலையிலிருந்து தெரியும் ஊர் விளக்குகளுக்கு அருமை, நடப்பவர்களை எடுக்க அதை நம்பமுடியாது. லென்ஸின் ஆட்டத்தடுப்பும் உன் கையைத்தான் தாங்கும், நடப்பவரின் காலை அல்ல.

அசையாத காட்சி என்றால் கதை வேறு. கிருஷ்ணகிரி அணையோ கோட்டைப் பாறையோ அந்தியில் அரை நொடி கேட்டாலும் கொடுக்கலாம். கைப்பிடிச் சுவரில் ஒரு அரிசிப் பையைப் போட்டு, அதில் கேமராவை அமுக்கி வைத்து, இரண்டு நொடி டைமரில் விடு. விரல் அழுத்தும் அதிர்வும் சேராது. கையில் பிடித்தே எடுப்பதானால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த இடைவெளியில் தொடர்ச்சியாக நாலைந்து படம் எடு. விரலை அழுத்தும்போதும் விலக்கும்போதும் ஆட்டம் வருவதால் நடுவிலுள்ளதே பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சுவரும் இல்லையா? கேமராவின் அடித்துளையில் பொருந்தும் திருகில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மிதித்துக்கொண்டு மேலே இழுத்துப் பிடி. மேல்கீழ் ஆட்டம் அடங்கிவிடும்; பக்கவாட்டு ஆட்டத்துக்கு மின்கம்பத்தில் அல்ல, மரத்தில் தோளைச் சாய்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்