மாரிக்குளிரிற் கால்நடைகளைப் பேணுதல்

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகள் வெப்பம் மிக்கவை. ஆதலால் இங்கு மாடுகள் குளிரினால் இறக்குமெனக் கமக்காரர் எளிதில் எண்ணுவதில்லை. ஆயினும், 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவிற் சென்றபொழுது, மழையும் கடுங்குளிர்க் காற்றும் ஒருங்கே வீசின. சில நாட்களுள் இப்பகுதிகளில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. தொற்றுநோயன்று, குளிரே இதற்குக் காரணமெனப் பரிசோதனைகளின் பின்னர் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் பாடுபட்டுப் பெருக்கிய பட்டியை ஓரிரவில் இழந்த குடும்பங்களும் உள. இத்தகைய இழப்பைப் பெருமளவிற்குத் தவிர்க்கலாம்.

குளிர் கொல்லும் விதம்

மாட்டின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.5 பாகை செல்சியஸ் ஆகும். உலர்ந்த உரோமங்களுக்கிடையே தங்கும் காற்று, ஒரு போர்வைபோல இவ்வெப்பத்தைக் காக்கின்றது. உரோமம் நனைந்ததும் இப்போர்வை அழிகின்றது. நனைந்த உடலிற் காற்று வீசும்பொழுது நீர் ஆவியாகி வெப்பத்தை விரைவாகக் கவர்ந்து செல்லும். இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய மாட்டிற்கு உணவு வேண்டும். வைக்கோல், புல் போன்ற நார்த்தீன்கள் இரைப்பையிற் செமிக்கும்பொழுது வெப்பம் உண்டாகின்றது. வயிறு வெறுமையாயின் அவ்வெப்பமும் இல்லை.

எனவே குளிர் தனித்து நின்று கொல்வது அரிது. நனைந்த முதுகு, தடையற்ற காற்று, வெறும் வயிறு ஆகிய மூன்றும் அதனுடன் சேரும்பொழுதே பேராபத்து விளைகின்றது. கோடையில் மெலிந்த மாடுகள், காலபோகப் பயிர் வயலில் நிற்குங்காலத்தில் மேய்ச்சற்றரையின்றி, திறந்த பட்டிகளில் இரவைக் கழிப்பதால் இம்மூன்றிற்கும் எளிதில் இலக்காகின்றன.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. சிறுபோக வைக்கோலை வயலில் எரித்து விடலாகாது. அதனை மேட்டு நிலத்திற் போராகக் குவித்து, மழைநீர் உட்புகாவண்ணம் மூடி வைத்தல் வேண்டும்.

2. பட்டியை நீர் தேங்காத மேட்டு நிலத்திற்கு மாற்றுக. வாடைக்காற்று வீசும் வடக்கு, கிழக்குப் புறங்களில் ஓர் ஆள் உயரத்திற்குக் கிடுகு அல்லது பனையோலையால் மறைப்புக் கட்டுக.

3. எல்லா மாடுகளுக்கும் கொட்டில் அமைத்தல் இயலாதாயின், கன்றுகள், சினைப்பசுக்கள், கிழமாடுகள், மெலிந்தவை ஆகியவற்றிற்கேனும் கூரை அமைத்தல் வேண்டும். ஆடுகளுக்கு நிலத்தினின்று உயர்த்திய பரண் சிறந்தது.

4. குடற்புழு மருந்தும், தொண்டையடைப்பான் முதலிய நோய்களுக்கான தடுப்பூசியும் மாரிக்கு முன்னரே கொடுக்கப்படல் வேண்டும்.

குளிர் நாட்களிற் செய்ய வேண்டியவை

புயல் எச்சரிக்கை கிடைத்ததும் மாடுகளைத் தூர மேய்ச்சலுக்கு விடாது பட்டிக்குக் கொண்டுவருக. மாலையில் உலர்ந்த வைக்கோலை வயிறார இடுக. சீமைக்கிளுவை, பூவரசு ஆகியவற்றின் இலைகளையும், இயன்றளவு தவிடு, பிண்ணாக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். தரையில் வைக்கோல் பரப்பி, ஈரமானதை அகற்றிப் புதியதை இடுக.

கொட்டிலின் நாற்புறத்தையும் காற்றுப் புகாதவாறு அடைத்தல் தவறு. சிறுநீரின் காரவாயு உள்ளே தங்கி நுரையீரல் நோயை உண்டாக்கும். காற்று மாட்டின்மேல் நேரே படாது, கூரையோரமாக வெளியேறுதல் வேண்டும். வைக்கோலுக்கு அருகே தீ மூட்டலாகாது.

பிறந்த கன்றை உடனே துடைத்து உலர்த்துக. முதல் ஆறு மணி நேரத்துள் அது கடும்புப்பாலைக் குடித்தல் இன்றியமையாதது. அப்பால் நோயெதிர்ப்புச் சக்தியுடன் உடற்சூட்டையும் அளிக்கின்றது.

குளிரால் விழுந்த மாட்டிற்குச் சிகிச்சை

நடுக்கம், கூனிய முதுகு, குளிர்ந்த காதுகள், தீன் மறுத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். நடுங்கிய மாடு நடுக்கம் நின்று சோர்ந்து கிடக்குமாயின், அது குணமடைந்ததென எண்ணற்க. அதன் சக்தி தீர்ந்துவிட்டதென்பதையே அது காட்டும்.

அத்தகைய மாட்டைக் காற்றில்லாத இடத்திற்குக் கொண்டுசென்று, உலர்ந்த சாக்கினால் நன்றாகத் தேய்த்து, வேறு உலர்ந்த சாக்கினாற் போர்க்குக. வெந்நீர்ப் போத்தல்களைத் துணியிற் சுற்றிக் கன்றின் உடலருகே வைக்கலாம். மாட்டைப் பக்கவாட்டிற் கிடக்க விடாது, வைக்கோற் கட்டுகளை அண்டைகொடுத்து நெஞ்சில் தாங்கியிருக்கச் செய்க. இல்லையேல் வயிறு ஊதும். தானாக விழுங்க இயலாத விலங்கின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அது நுரையீரலுட் சென்று உயிரைப் போக்கும். கால்நடை வைத்தியருக்குத் தாமதமின்றி அறிவிக்குக.

இறந்த விலங்குகளின் இறைச்சியை உண்ணவோ விற்கவோ கூடாது. வைத்தியருக்கு அறிவித்தபின், கிணறுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் தூரமாக ஆழமான குழியிற் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும்.

கமக்காரர்களே, மழையையும் காற்றையும் நாம் நிறுத்த இயலாது. ஆனால் உலர்ந்த முதுகு, காற்று மறைப்பு, நிறைந்த வயிறு ஆகிய மூன்றையும் கிடுகும் வைக்கோலும் கொண்டே அளிக்கலாம். அவற்றை மழைக்கு முன்னரே ஆயத்தஞ் செய்க.