தொப்பியில் விழும் காசும் ஆல்பத்தின் உரிமையும்

குடும்பமாகச் சேர்ந்து ராக்கபில்லி குழு தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்டுடியோ தேடுகிறார்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, தெருவுக்குக் கையில் தூக்கிக்கொண்டு போக முடிகிற வாத்தியங்கள் எவை என்பதைத்தான்.

ராக் அண்ட் ரோலின் ஆரம்ப வடிவமான இந்த இசை பிறந்த விதமே அப்படி. 1954 ஜூலை 5 அன்று மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதிந்தபோது அங்கே டிரம்ஸ் கிடையாது. அவரிடம் ஒரு சாதா கிதார், ஸ்காட்டி மூரிடம் எலெக்ட்ரிக் கிதார், பில் பிளாக்கிடம் ஆளுயர டபுள் பாஸ். தாளத்தையும் பாஸ்காரரே பார்த்துக்கொண்டார். நரம்பை இழுத்து விட்டால் அது விரல்பலகையில் மோதி ‘டக்’ என்று அடிக்கும். அடுத்த கணமே உள்ளங்கையால் நரம்புகள் மேல் ஓர் அறை. சுரமும் தாளமும் ஒரே ஆளிடமிருந்து. தெருவில் வாசிக்க இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. தாளம் இன்னும் தூக்கலாக வேண்டுமானால் ஒரு ஸ்நேர் டிரம், ஒரு ஜோடி பிரஷ். அதற்கு மேல் சுமை வேண்டாம்.

இடம் பிடிப்பதற்கு முன் அனுமதி. லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் 2003 முதல் உரிமம் வாங்கியவர்கள்தான் வாசிக்கலாம். தரையில் குறித்திருக்கும் அரைவட்டம்தான் மேடை. கேம்டன் பகுதியிலோ உள்ளாட்சி மன்றமே தெரு இசைக்கு உரிமம் கேட்கிறது. குடும்பக் குழுவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பிரிட்டனில் 14 வயது ஆகாத பிள்ளைகள் தெருவில் காசுக்கு வாசிக்கக் கூடாது. கடைக்குட்டிதான் கூட்டத்தை இழுக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். சட்டம் அதைக் கேட்காது.

இனி தொப்பி. காலித் தொப்பியில் யாரும் முதல் ஆளாகப் போட மாட்டார்கள், நீங்களே கொஞ்சம் சில்லறை போட்டு வையுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு தொப்பியைத் தூக்கினால் பாதிக் கூட்டம் நழுவியிருக்கும். அதற்கு முன்பே அறிவித்துவிட்டு, வீட்டிலேயே வாய்ச்சாலகம் உள்ள ஒருவரை வலம்வரச் சொல்லுங்கள். அவர் நன்றாக வாசிக்கிறவராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், வாசிப்பில் சுமாரான அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

காசு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால் கூட்டம் மறந்துவிடும். கையில் கொடுக்க ஒரு பதிவு வேண்டும். கெல்லி குடும்பத்தின் கதை இங்கேதான் பாடமாகிறது. அவர்கள் ராக்கபில்லிக்காரர்கள் அல்ல, நாட்டுப்புறமும் பாப்பும் கலந்து பாடியவர்கள். அமெரிக்கரான டேன் கெல்லி 1960களில் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்து, பிள்ளைகளோடு ஐரோப்பியத் தெருக்களில் பாடினார். 1980 வாக்கில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஒரு பாட்டு பெரிய வெற்றி. ஆனால் 1982இல் தாய் பார்பரா இறந்தார். குடும்பம் மறுபடி தெருவுக்கே வந்தது. இரட்டை மாடிப் பேருந்தில் வாழ்க்கை, பிறகு படகு வீடு. ஒரு தடவை ஹிட் கொடுத்தால் வாழ்க்கை செட்டிலாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வருடங்களைப் படிக்கலாம்.

இரண்டாம் முறை அவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். சொந்த லேபிள், ‘கெல்-லைஃப்’. தங்கள் ஒலிநாடாக்களைத் தாங்களே விற்றார்கள். 1994இல் ‘ஓவர் த ஹம்ப்’ ஆல்பம் ஜெர்மனியில் லட்சக்கணக்கில் விற்றபோது, அதற்கான ரசிகர் படையைத் தெருவிலேயே ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார்கள். விற்ற தட்டும் குடும்பத்தின் லேபிளில் வந்ததுதான்.

ராக்கபில்லியின் பக்கம் இதற்கு இணை லண்டன் கென்டிஷ் டவுனின் கிட்டி, டெய்ஸி அண்ட் லூயிஸ். உடன்பிறந்த மூவர். தெருவில் அல்ல, உள்ளூர் பப் மேடையில் சின்ன வயதிலேயே ஏறியவர்கள். பின்னால் அம்மா இங்ரிட் வைஸ் டபுள் பாஸில், அப்பா கிரேம் டர்ஹம் கிதாரில். அம்மா முன்பு ‘ரெயின்கோட்ஸ்’ குழுவின் டிரம்மர், அப்பா தட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்யும் பொறியாளர். ஆக, ஒலிப்பதிவு வித்தை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய டேப் கருவிகளை வைத்து வீட்டிலேயே பதிந்த முதல் ஆல்பம் 2008இல் வந்தது. பிற்பாடு ‘கோல்ட்பிளே’யின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாக வாசித்தார்கள். 2015 ஆல்பத்தைத் தயாரித்தவர் ‘கிளாஷ்’ குழுவின் மிக் ஜோன்ஸ்.

நான் இவர்களிடம் கவனிக்கச் சொல்வது வேறொன்று. முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் அடுத்தவர்களின் பழைய பாடல்கள். 2011இல் வந்த இரண்டாவதில் சொந்தப் பாடல்கள். தெருவில் பழைய பாட்டுக்குத்தான் கால்கள் நிற்கும், அதில் தப்பில்லை. ஆனால் அதைத் தட்டில் பதித்து விற்றால், பாட்டு எழுதியவருக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். வானொலியில் ஒலித்தாலும் எழுதியவர் பங்கு அவருக்கே போகும். உங்கள் பாட்டாக இருந்தால் அந்தக் காசு உங்கள் வாசலுக்கு வரும்.

பிரிட்டனில் இப்படி ஒலிப்பதற்கு வரும் காசு இரண்டு கணக்கு. பாட்டை எழுதியவருக்கு ‘பிஆர்எஸ்’ என்ற அமைப்பு வசூலித்துத் தரும். பதிவின் உரிமையாளருக்கும் அதில் வாசித்தவர்களுக்கும் ‘பிபிஎல்’. இரண்டிலும் சேருங்கள். ஒன்றில் மட்டும் சேர்ந்துவிட்டு, வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது சங்கடமான பகுதி. ‘நம்ம குடும்பம்தானே, எழுதி என்ன?’ என்று விட்டால், பத்து வருடம் கழித்து அக்காவும் தம்பியும் வக்கீல் வழியாகப் பேசிக்கொள்வார்கள். பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். குழுப் பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் அதை யார் பயன்படுத்தலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பெற்றோரும் குழுவில் வாசிக்கிறார்கள், பிள்ளைகளோ 18 வயது ஆகாதவர்கள் என்றால், அப்பா ஒரே நேரத்தில் காப்பாளர், பங்குதாரர், மேலாளர் மூன்றுமாகிவிடுகிறார். அந்த இடத்தில் வெளியாள் ஒருவரைக் கணக்கு பார்க்க வையுங்கள். பிள்ளைகளின் பங்கு அவரவர் பெயரில் தனிக் கணக்கில் விழட்டும், முதல் தட்டு விற்ற நாளிலிருந்தே.