நெற்பூவின் மகரந்தமும் களத்துப் பதரும்

களத்தில் தூற்றும்பொழுது காற்றோடு பறக்கும் பதரைக் கண்டு குடியானவன் மழையையோ பூச்சியையோ நிந்திப்பது வழக்கம். பல சமயங்களில் அது நியாயமே. ஆயினும், மணி பிடியாமைக்குக் காரணம் சில வேளைகளில் பூவினுள்ளேயே இருக்கிறது. ஒரு நெற்பூவில் மகரந்தப் பைகள் ஆறு உண்டு. அவற்றிலுள்ள தூள் உயிர்ப்புள்ளதாயிருந்து சூல்முடியின்மேல் விழுந்தாலன்றி அப்பூ பதராகவே முடியும். விதை வாங்கி விநியோகிக்கும் சங்க அங்கத்தினர்கள் இத்தூளைப் பரீட்சிக்கும் முறையை ஒருவாறு அறிந்திருத்தல் நலம்.

திருவிடைமருதூருக்குச் சமீபத்திலுள்ள ஆடுதுறையில் 1922-ஆம் வருஷம் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது. அங்கிருந்து 1965-இல் வெளிவந்த ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல்லைத் தஞ்சை ஜில்லாவின் முதியோர் மறந்திரார். ஜப்பானிய இனமாகிய நாரின் 10-ஐயும், கோயமுத்தூர்ப் பண்ணை 1921-இல் அளித்த ஜி.இ.பி. 24 என்ற கிச்சிலிச் சம்பாவையும் சேர்த்து உண்டாக்கப்பட்டது அது. இவ்விரு குலத்தையும் கலந்தால் முதல் தலைமுறையில் மகரந்தத்தில் பெரும்பகுதி மலடாகிவிடுவது சகஜம். பயிர் செழித்து நிற்கும். கதிர் மட்டும் கனக்காது. ஆதலின் தலைமுறைதோறும் மணி நிறையப் பிடித்த செடிகளையே பொறுக்கி வளர்க்க வேண்டியிருந்தது.

பரீட்சை செய்யும் முறை எளியது. காலையில், மலருந் தறுவாயிலுள்ள பூக்களைக் கதிரின் மேற்பாகத்திலிருந்து பறித்து, மகரந்தப் பைகளைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து நசுக்குவார்கள். ஒரு சதவிகித அயோடின்–பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஒரு துளி விட்டு, மைக்ராஸ்கோப்பின் மூலம் நோக்குவார்கள். மாவு நிறைந்த தூள் உருண்டையாய்க் கருநீலமாகத் தோன்றும். மலட்டுத் தூளோ சுருங்கியாவது வெளிர்மஞ்சளாயாவது கிடக்கும். உதாரணமாக, எண்ணிய 300-இல் 240 கறுத்திருந்தால் நூற்றுக்கு 80 என்று குறிப்பார்கள்.

இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. அயோடின் காட்டுவது மாவையேயன்றி உயிரையன்று; செத்த தூளும் கறுக்கும். நெல்லின் மகரந்தமோ பையை விட்டு வெளிப்பட்ட சில நிமிஷங்களுக்குள் உயிர்ப்பை இழந்துவிடும். குறுவை பூக்குங்காலத்தில் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டால், பைகள் சரிவர வெடிப்பதுமில்லை. ஆகையால் சர்க்கரை, போரிக் அமிலம், கால்ஷியம் உப்பு இவை சேர்ந்த கூழில் தூளைத் தூவி, அது குழாய் விட்டு முளைக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. இது அதிக ஜாக்கிரதை வேண்டும் வேலை.

ஆடுதுறையில் 1998-இல் ஏ.டி.டி.ஆர்.எச். 1 என்னும் வீரிய ஒட்டு நெல் வெளியிடப்பட்டது. இங்கே கணக்கு தலைகீழ். தாய் வரிசையாகிய ஐ.ஆர். 58025 ஏ-யின் மகரந்தம் முற்றிலும் மலடாயிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அடுத்த வரிசையிலுள்ள தந்தைச் செடியின் தூளினால் மட்டும் அது மணி பிடிக்கும். தாய் வரிசையில் கறுக்கும் தூளுடைய செடி ஒன்றிருந்தாலும், தூள் சிந்துமுன் அதைப் பிடுங்கி எறியவேண்டும். தவறினால் ஒட்டு விதையோடு வேறு விதையும் மூட்டைக்குள் புகும், நஷ்டம் விதைத்தவனுடையது. ஒட்டு நெல்லின் அறுவடையையே மறுபோகத்துக்கு விதையாக வைப்பதும் இதனாலேயே தகாது: அடுத்த தலைமுறையில் சில செடிகள் மலடாகப் பிரிந்துவிடும்.

மைக்ராஸ்கோப் இல்லாத ஊரில் விதைப்பண்ணையை ஒரு காகிதப் பையைக் கொண்டே சோதிக்கலாம். தாய் வரிசையில் ஆங்காங்கே சில கதிர்களைப் பூக்கள் விரியுமுன் காகிதப் பையால் மூடிக் கட்டிவைத்து, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்க்கவேண்டும். உள்ளே ஒரு மணியேனும் பால் பிடித்திருந்தால், அந்தச் செடி கலப்படம் என்று தெளியலாம். அவ்வகைக் கதிர்கள் பல தென்படின், அவ்விதையைச் சங்கம் விநியோகத்துக்கு ஏற்றுக்கொள்ளலாகாது.