பூரிபாயின் புள்ளிகள்

பூரிபாய் பீல் பழங்குடிப் பெண். மத்தியப் பிரதேசம், ஜாபுவா மாவட்டத்தில் பிடோல் என்ற சிற்றூரில் பிறந்தார். பிழைப்புத் தேடிப் போபால் நகரம் வந்தார்.

அங்கே பாரத் பவன் என்ற கலைக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது 1982-இல் திறக்கப்பட்டது. அங்கே பூரிபாய் சித்தாள் வேலை செய்தார். அவருக்கு இந்தி தெரியாது. பீலி மொழிதான் தெரியும்.

ஓவியர் சுவாமிநாதன் அவரைப் படம் வரையச் சொன்னார். பூரிபாய் தயங்கினார். வரைய உட்கார்ந்தால் கூலி போய்விடுமே! வரைவதற்கும் கூலி உண்டு என்றார் ஓவியர்.

ஊரில் மண், மஞ்சள், கரி கொண்டு வீட்டுச் சுவரில் வரைந்த கை அது. இப்போது காகிதத்தில் வரைந்தது. நகரத்தாரைப் பார்த்து அவர் வரையவில்லை. தம் ஊர் மரத்தையும் மயிலையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். பின்னாளில் விமானத்தையும் அதே புள்ளிகளால் வரைந்தார்.

2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மொழி வேறு, பழக்கம் வேறு. அதில் வெட்கம் எதற்கு? நம்மிடம் உள்ளதும் செல்வமே.

சிந்தித்து எழுதுங்கள்:
1. பூரிபாய் ஏன் தயங்கினார்?
2. கோலம், கூடை, பாட்டு: உங்களுக்குக் கைவந்த கலை எது?