ஆழ வேருக்கு வறட்சி இல்லையா?

ஆணிவேர் இறங்கிவிட்ட மரத்தை வறட்சி ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. கன்றுக்கு இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால் போதும், அப்புறம் பூமிக்குள் இருக்கும் ஈரத்தை அது தானே தேடிக்கொள்ளும் என்று வீட்டுத் தோட்டக்காரர் முதல் மரம் நடுவிழா மேடைப் பேச்சாளர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே பிறக்கின்றன. வறட்சியில் சாகப்போவது கன்றும் செடியும்தான், பெரிய மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது ஒன்று. மழை பெய்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது மற்றொன்று. மூல நம்பிக்கை பாதி உண்மை. அதற்குப் பிறந்த இரண்டும் பெரும்பாலும் தவறு. ஒரு கோடையைக் கடக்க உதவிய அதே ஆழ வேர், மழை பல வருடம் அடுத்தடுத்துக் குறையும்போது மரத்தைக் கைவிடக்கூடும் என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது.

பாதி உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது சாதாரணமானதல்ல. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் ஒரு மரத்தின் வேர் 68 மீட்டர் ஆழம்வரை போனது பதிவாகியிருக்கிறது. அமேசானில் மாதக்கணக்கில் மழையே இல்லாத பருவத்திலும் காடு பச்சையாகவே இருப்பது ஏன் என்ற கேள்விக்கு 1994-ல் டேனியல் நெப்ஸ்டட் குழுவினர் விடை சொன்னார்கள்: வேர்கள் 8 மீட்டருக்கும் கீழே இறங்கி, சென்ற மழைக்காலத்து நீரை எடுத்துக்கொள்கின்றன. நம் தேக்கு வேறு வழி பிடிக்கிறது. கோடையில் இலையை உதிர்த்துச் செலவையே நிறுத்திவிடுகிறது. மார்ச்சில் முதுமலை வழியாகப் போகிறவர்கள் காடே செத்துவிட்டது என்று அங்கலாய்ப்பதும், ஜூனில் அதே காட்டைப் பார்த்து மரத்துக்கு அழிவே இல்லை என்று வியப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். இலையை வைத்து மரத்தின் நிலையைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கோடை மரம் எதிர்பார்த்திருக்கும் ஒன்று. அதைத் தாண்டுவதைக் கொண்டு வறட்சியைத் தாங்கும் வலிமையை அளப்பது தப்புக் கணக்கு.

அந்த முதுமலையிலேயே சரியான கணக்கு ஒன்று நடந்துவருகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் குழுவினர் 1988-ல் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்தார்கள். வெண்தேக்கும் கருமருதும் வெக்காலியும் தேக்கும் மேலோங்கிய இலையுதிர் காடு அது. எது செத்தது, எது புதிதாக வந்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றின் பருமனையும் அளக்கிறார்கள். இந்தப் பதிவுகளை வைத்து ருதுஜா சித்ரா-தாரக் உள்ளிட்டோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, நம் நம்பிக்கையின் மேல் நேராகக் கைவைக்கிறது. இரண்டு பத்தாண்டுகளில் மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் உள்ளே எந்த ஆழத்தில் எப்போது எவ்வளவு நீர் இருந்தது என்பதை நீரியல் மாதிரி கொண்டு கணித்தார்கள். பிறகு 12 முக்கிய மர இனங்களின் வளர்ச்சி, எந்த ஆழத்து நீரின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, ஒவ்வோர் இனமும் எங்கிருந்து குடிக்கிறது என்பதை வரிசைப்படுத்தினார்கள். அந்தக் காலத்துக்குள் பல ஆண்டு நீடித்த ஒரு வறட்சியும் அடங்கியிருந்தது. அதன் பிறகு அதிகம் செத்தவை ஆழத்து நீரை நம்பியிருந்த இனங்கள்.

இதில் மர்மம் இல்லை. கொங்கு நாட்டு விவசாயியைக் கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவார். ஒரு நல்ல மழைக்குத் திறந்த கிணறு ஏறிவிடும். ஆயிரம் அடி போர்வெல் ஏறாது. மேல்மண்ணில் குடிக்கும் மரம் வருடாவருடம் தாகப்படுகிறது, வருடாவருடம் தணிகிறது. ஆழத்தில் குடிக்கும் மரம் முதல் வருடப் பஞ்சத்தை உணர்வதே இல்லை. ஆனால் மழை குறைந்த ஆண்டுகளில் பெய்ததெல்லாம் மேல் அடுக்கிலேயே தீர்ந்துபோகிறது, கீழே எதுவும் இறங்குவதில்லை. சேமிப்பு கரைந்த பின் ஒரு சராசரி மழை வந்தால் மேல் மண் நனையும், செடிகொடி துளிர்க்கும், ஆழத்து அடுக்கு அப்போதும் காய்ந்தே கிடக்கும். ஒரே காட்டில், ஒரே மழையின் கீழ், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்கள் வெவ்வேறு வறட்சிகளை அனுபவிக்கின்றன.

ஒரு காட்டை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்பது நியாயம். அமேசானில் ஆழ வேரின் பெருமையைச் சொன்ன நெப்ஸ்டட்டே அதன் எல்லையையும் சோதித்தார். பிரேசிலின் டபஜோஸ் தேசியக் காட்டில் ஒரு ஹெக்டேர் நிலத்தில், மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, மழைக்காலத்தில் தரைக்கு வரும் நீரில் ஏறத்தாழ 60 சதவீதத்தை வெளியே வடித்தார்கள். தொடக்கத்தில் காடு பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாண்டுக்குச் சற்று மேல் ஆனபோது, 30 சென்டிமீட்டரைவிடப் பருத்த மரங்கள் வழக்கத்தைப்போல் நான்கரை மடங்கு வேகத்தில் செத்தன. நடுத்தர மரங்களின் சாவு இரட்டிப்பானது. மெல்லிய தண்டுகளில் மாற்றம் குறைவு. 2015-ல் வெளிவந்த ஓர் உலகளாவிய தொகுப்பு 38 காட்டுப் பகுதிகளில் நேர்ந்த 40 வறட்சிகளை ஒப்பிட்டு, பெரிய மரங்களே அதிகம் அடிபடுகின்றன என்று கண்டது. இதற்கு எதிராக முதுமலையைக் காட்டிச் சிலர் வாதிடலாம். அங்கே எண்ணிக்கையில் அதிகம் சாவது சின்னத் தண்டுகள்தானே என்று. உண்மைதான், ஆனால் அவற்றில் பெரும்பகுதி தீயிலும் யானையாலும் போகிறது. வறட்சியின் பங்கைப் பிரித்துப் பார்க்காத எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது.

உயரம் ஏன் பாதகமாகிறது? மரத்துக்குள் நீரை மேலே தள்ளும் பம்பு எதுவும் இல்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை, வேர்வரை அறுபடாமல் நீளும் நீர்த்தம்பத்தை மேலே இழுக்கிறது. மண் காயக் காய அந்த இழுவிசை கூடி, காற்றழுத்தத்தைப்போல் இருபது முப்பது மடங்கைத் தொடும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்று புகுந்து தம்பம் அறுந்துவிடுகிறது. போதிய குழாய்கள் அடைபட்டால் அதற்குமேல் உள்ள கிளைக்கு நீர் இல்லை. தம்பம் எவ்வளவு நீளமோ, உச்சியில் எவ்வளவு வெயில் படுகிறதோ, அவ்வளவு ஆபத்து. இலைத்துளைகளை மூடி மரம் தப்பிக்கலாம், ஆனால் மூடினால் உணவுத் தயாரிப்பும் நிற்கும். மரம் பட்டினியால் சாகிறதா, குழாய் அடைந்து சாகிறதா என்பது ஆய்வாளர்களிடையே நெடுநாள் வாதம். அமேசானின் கஷிவானா காட்டில் இதேபோல் பாதி மழையைத் தடுத்த சோதனையில், சாகும் நிலையில் இருந்த மரங்களிடம்கூட மாவுச்சத்துச் சேமிப்பு தீரவில்லை, கெட்டுப்போயிருந்தவை நீர்க்குழாய்கள். மழைக்காட்டு மரம் நீரில் ஊறியது, ஆபத்து எல்லைக்கு முன் அதற்கு நிறைய இடைவெளி இருக்கும் என்ற எண்ணமும் 2012-ல் உடைந்தது. 81 இடங்களில் 226 இனங்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய 70 சதவீதம் குழாய் அடைபடும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்வது தெரிந்தது. ஈரக்காடோ வறண்ட காடோ, நிலை அதுதான். தனக்குக் கிடைக்கும் நீருக்கு ஏற்ற அளவுக்கே ஒவ்வொரு மரமும் கட்டிக்கொண்டிருக்கிறது, உபரியாக வைத்துக்கொள்ளவில்லை.

மழை வந்தால் ஆபத்து நீங்கியது என்ற இரண்டாவது முடிவுக்குக் கலிபோர்னியாவே பதில். அங்கே 2012-ல் தொடங்கிய வறட்சி நான்கைந்து ஆண்டு நீடித்தது. 2010 முதல் செத்த மரங்கள் 10.2 கோடி என்று அமெரிக்க வனத்துறை 2016 நவம்பரில் அறிவித்தது. அதில் 6.2 கோடி அந்த ஒரே ஆண்டில், அதாவது வறட்சியின் கடைசியில் செத்தவை. அடுத்த குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் வட பகுதி மலைகளில் வரலாறு காணாத மழையும் பனியும் கொட்டின. ஆனாலும் 2017 டிசம்பருக்குள் இன்னும் 2.7 கோடி மரங்கள் போயின. அங்குள்ள சியாரா நெவாடா மலைத்தொடரின் தென்பகுதியை ஆராய்ந்த கோல்டனும் பேல்சும் 2019-ல் சொன்ன காரணம் முதுமலையை நினைவூட்டுகிறது: நான்கு ஆண்டுகளில் 5 முதல் 15 மீட்டர் ஆழம்வரை இருந்த நீரை மரங்கள் உறிஞ்சித் தீர்த்திருந்தன. முதுமலையிலும் பெரிய மரங்களின் சாவு, மழை குறைந்த ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆண்டு கழித்தே தலைகாட்டுகிறது.

கலிபோர்னிய மரங்களைக் கொன்றது பட்டை துளைக்கும் வண்டு, வறட்சியல்ல என்பார்கள். வண்டு இருந்தது, கோடிக்கணக்கில் இருந்தது. ஆனால் நீர் உள்ள பைன் மரம் துளைபட்ட இடத்தில் பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளிவிடும். காய்ந்த மரத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. காட்டுத்தீயை ஒரு நூற்றாண்டாக அணைத்து அணைத்து மரங்களை நெருக்கமாக வளரவிட்டதும் காரணம்தான். இவை வறட்சிக்குப் போட்டியான காரணங்கள் அல்ல. வறட்சி தன் வேலையை முடித்துக்கொள்ளும் வழிகள். ஜெர்மனியில் 2018 முதல் 2021 தொடக்கம்வரை ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர் காடு போனதிலும் இதே ஜோடிதான்: வறட்சி முன்னால், ஸ்ப்ரூஸ் மர வண்டு பின்னால்.

கனமான எதிர்வாதம் இன்னொன்று. இருநூறு வயது மரம் எத்தனை பஞ்சங்களைப் பார்த்திருக்கும்? தாது வருடப் பஞ்சத்தைத் தாண்டி நின்ற மரங்கள் இன்றும் உண்டே? உண்டு. ஆனால் அன்றைய பஞ்சத்தின் காற்று இன்றைய காற்றல்ல. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் கொள்ளும். அதை இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இழுக்கும். அரிசோனாவின் பயோஸ்பியர் 2 கூடத்தில் பினியான் பைன் மரங்களுக்கு நீரை முற்றிலும் நிறுத்திப் பார்த்தார்கள். 4 டிகிரி கூடுதல் வெப்பத்தில் இருந்தவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முன்னதாகவே செத்தன. மழைக்குறைவு முன்புபோலவே இருந்தாலும் கையிருப்பு கரையும் வேகம் கூடிவிட்டது. பழைய மரத்தின் அனுபவம் பழைய வெப்பத்துக்கு உரியது.

காற்றில் கரியமில வாயு கூடுவது மரத்துக்கு நல்லதுதானே என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. ஓரளவுக்குச் சரி. இலைத்துளையைக் குறைவாகத் திறந்தே போதிய வாயுவைப் பெறலாம். பொலிவியா, கேமரூன், தாய்லாந்து மர வளையங்களில் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் நீர்ச்சிக்கனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பது தெரிகிறது. ஆனால் அதே வளையங்களில் வளர்ச்சி கூடவில்லை. சிட்னி அருகே முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் கூடுதல் வாயுவைச் செலுத்தியபோது மரங்கள் 12 சதவீதம் அதிகக் கார்பனை உள்ளிழுத்தன. அது மரமாகத் தங்காமல் பெரும்பாலும் மண் வழியே காற்றுக்கே திரும்பியது. சிக்கனம் செலவைக் குறைக்கும். வற்றிய அடுக்கை நிரப்பாது.

காடு தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதையும் முற்றாக மறுக்க முடியாது. கஷிவானா சோதனை இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்தது. 2025-ல் வெளியான முடிவுப்படி, எஞ்சிய மரங்களின் நீர்நிலை இப்போது பக்கத்துக் காட்டுக்கு இணையாகச் சீராகிவிட்டது. ஆனால் எதைக் கொடுத்து? தன் உயிர்த்திணிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதிலும் பெரிய மரங்களை. குடிக்க வாய்கள் குறைந்ததால் தண்ணீர் போதுகிறது. உலகின் 48 காட்டுத் திடல்களைப் பார்த்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய ஒரு சதவீத மரங்கள் தரைக்கு மேலுள்ள உயிர்த்திணிவில் பாதியைத் தாங்கி நிற்பது தெரியவந்தது. அப்படி ஒரு மரம் போனால் ஈடுகட்ட எத்தனை கன்று வேண்டும் என்பதைவிட எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்பது பொருத்தம்.

தமிழ்நாட்டில் 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. பயிருக்கு அந்தக் கணக்கு அறுவடையோடு முடியும். மரத்துக்கு 2018, 2019 வரை திறந்தே இருக்க வேண்டும். மழை அளவைப் பார்த்து வறட்சி முடிந்தது என்று முடிவுகட்டுவதற்குப் பதில், ஆழத்து ஈரத்தையும் அடுத்த மூன்று நான்கு ஆண்டு மரச்சாவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் முதுமலைக்கு வெளியேயும் தேவை. நகரங்களில் இதைவிட எளிதான வேலை ஒன்று உண்டு. கோடையில் தண்ணீர் லாரி சாலையோரக் கன்றுகளிடம் மட்டும் நின்றுவிட்டுப் போகிறது; அடிமரம்வரை சிமெண்ட் பூசிய தூங்குமூஞ்சி மரத்தை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் ஆண்டும் மழை பொய்த்தால் அந்த மரத்துக்கும் தண்ணீர் வேண்டும். சிமெண்டை உடைத்து, அடிமரத்தில் அல்லாமல் கிளை நிழலின் வெளிவிளிம்பை ஒட்டி, மண் உள்வாங்கும் வேகத்தில், நிதானமாக ஊற்ற வேண்டும்.