முதலில் தண்ணீர், கடைசியில்தான் துணி

எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. மறுநாள் இரவே சாம்பல் மேகம் டெல்லி வானத்தில். ஃப்ளைட்டுகள் ரத்தாயின. மேகம் மிக உயரத்தில் கடந்து போனதால் கார் கழுவுகிறவர்களுக்குப் பெரிய வேலை வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் மணிமங்கலத்தில் உங்களுக்கு எரிமலை தேவையே இல்லை. எம்-சாண்ட் ஏற்றி, தார்ப்பாய் மூடாமல் ஓடும் டிப்பருக்குப் பின்னால் ஒரகடம் வரை போய் வாருங்கள். சாம்பல் படிந்தால் வரும் அதே தலைவலி பானெட்டில் உட்கார்ந்திருக்கும்.

சொல்லப்போனால் நம் ஊர்த் தூள் இன்னும் மோசம். எரிமலைச் சாம்பலில் இருக்கும் கண்ணாடித் துகளின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 5, 6. சென்னையைச் சுற்றியுள்ள சார்னோக்கைட் பாறையை உடைத்த கிரஷர் தூளில் குவார்ட்ஸ் உண்டு. அது 7. கார் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டோ பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஏ4 தாளின் கனத்தில் பாதி. காய்ந்த தூளின் மேல் துணியை இழுத்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி ஸ்விர்ல் மார்க் தெரியும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் தொடங்கிய பிளான்ட் என்று இந்தப் பகுதி முழுக்க வண்டி பெல்ட். புரொடக்ஷன் லைனுக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஸ்டாக்யார்டு, டீலர் பி.டி.ஐ. (டெலிவரிக்கு முந்தைய சோதனை), சர்வீஸ் சென்டர், டீட்டெய்லிங் ஷாப் என்று நுழைகிறார்கள். வாட்டர் வாஷ் அங்கே எல்லோருக்கும் தெரியும். கோடு விழாமல் கழுவத் தெரிந்தவர்கள் குறைவு. போட்டியில் உங்கள் இடம் அங்கேதான்.

1. தூளோடு வரும் வண்டியில் கை வைக்காதீர்கள். தட்டுவது, துடைப்பது, வைப்பர் போடுவது எல்லாம் கூடாது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள், பானெட் ஆறட்டும். முதலில் ஹோஸில் தாராளமாகத் தண்ணீர், ரூஃபிலிருந்து கீழ்நோக்கி. தூள் நனைந்து சேறாக நிற்கக் கூடாது, வழிந்து ஓட வேண்டும். பிறகுதான் பிரஷர் கன், அதுவும் ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடித்து. வைப்பருக்குக் கீழே உள்ள கிரில், டோர் ரப்பர், வீல் ஆர்ச், நம்பர் பிளேட் இடுக்கு ஆகியவற்றை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். டெலிவரி அன்று அங்கிருந்துதான் வெள்ளைக் கோடு வழியும், சூப்பர்வைசர் உங்கள் பெயரைத்தான் கேட்பார். கீழே ஓடும் தண்ணீர் தெளியும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதும் வேண்டாம். எரிமலைச் சாம்பலில் அமிலம் ஒட்டியிருக்கும். நம் ஊர் சிமென்ட் தூளும் போகிச் சாம்பலும் நேர்மாறாகக் காரம். சிமென்ட் பனியில் நனைந்தால் இறுகிவிடும், அதைச் சுரண்டினால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

2. ஃபோம் அடித்துச் சில நிமிடம் விடுங்கள், காயவிடாமல் கழுவுங்கள். பி.எச். நியூட்ரல் ஷாம்பூ போதும். பாத்திரம் கழுவும் லிக்விட் வேக்ஸையும் எடுத்துவிடும்.

3. இப்போதுதான் கை. இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் மிட்டை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். வட்டம் போடாமல் நேர்க்கோட்டில், அழுத்தாமல்.

4. போர் தண்ணீரை வெயிலில் காயவிட்டால் உப்புக் கறை நிச்சயம். டவலால் ஒற்றி எடுங்கள்.

தூளை ஏர் கன்னால் ஊதித் தள்ளுவது வேகமான வழி என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தத் தூளில் இருப்பது சிலிக்கா. அது நுரையீரலில் உண்டாக்கும் சிலிகோசிஸ், சட்டப் பட்டியலில் உள்ள தொழில்நோய். காரின் ஏர் ஃபில்டரை மாற்றலாம், உங்களுடையதை மாற்ற முடியாது. என்-95 மாஸ்க் கேளுங்கள், தராவிட்டால் நீங்களே வாங்குங்கள்.

இனி இம்ப்ரஷன். துணிகளுக்கு நிறம் பிரியுங்கள்: பாடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, டயருக்கு ஒன்று. கீழே விழுந்த துணி அன்றைக்கு டயருக்குத்தான். மேனேஜர் இதை ஒருமுறை பார்த்தாலே போதும். கறுப்பு வண்டி என்றால் மற்றவர்கள் நழுவுவார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள், கைவேலை அதில்தான் தெரியும். இன்டர்வியூவில் 'தூசி வண்டி வந்தால் முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்டால், துணி என்று தொடங்குகிறவர் அப்போதே அவுட்.

உங்களைக் காப்பாற்றுவது டார்ச்சும் போனும். வண்டி உள்ளே வந்ததும், கழுவும் முன், பழைய கீறல்களை டார்ச் அடித்து போட்டோ எடுங்கள். யார்டில் பழி காண்ட்ராக்ட் ஆள் மேல்தான் முதலில் விழும். அதே போட்டோக்கள், கம்பெனி அனுமதித்தால், அடுத்த வேலைக்கு உங்கள் போர்ட்ஃபோலியோ.

வாஷ் பேயிலேயே தங்கிவிடாதீர்கள். பெயின்ட் திக்னஸ் கேஜ் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் பாலீஷ் செய்பவர் பக்கத்தில் நில்லுங்கள். புது வண்டியின் இரும்பு பேனலில் ரீடிங் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. 80-க்குப் பக்கத்தில் காட்டும் பேனலில் பாலீஷிங் மெஷினை வைக்க வேண்டாம். ஜாப் கார்டில் ரீடிங்கை எழுதி, கஸ்டமரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.